நாலு கியர் பச்சை வண்டி

கெல்லர்ஸ் கார்னர், ஒஹாயோ
ஏப்ரல் 2, 1996

அன்புள்ள டெல்மருக்கு,

நான் நலம். நீயும் உன் அக்கா ஐலீனும் டூசானில் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். அங்கே இப்போதே வெயில் கொளுத்துவதாக டிவியில் சொன்னார்கள். இங்கே முந்தாநாள்தான் கடைசிப் பனி கரைந்தது. நிலவறையில் வழக்கம்போலத் தண்ணீர் ஊறி, பம்பு இரண்டு நாள் ஓயாமல் ஓடியது. பூனை சௌக்கியம். உன் நாற்காலியில்தான் தூங்குகிறது. துரத்தினால் போவதில்லை.

இதையெல்லாம் போனிலேயே சொல்லலாம். ஆனால் வண்டிப் பேச்சு வந்த அடுத்த நிமிஷம் நீ ரிசீவரை வைத்துவிடுகிறாய். கடிதத்தை அப்படி வைக்க முடியாது. வைத்தால் ஐலீன் எடுத்துப் படித்துவிடுவாள் என்ற பயத்திலாவது கடைசி வரி வரை படிப்பாய். அதனால்தான் எழுதுகிறேன்.

சனிக்கிழமை காலை, தலைமுடிக்கு ரோலர் சுற்றிக்கொண்டு அடுப்படியில் நிற்கிறேன், கதவு தட்டும் சத்தம். இந்தியானா மாநிலத்து ஃபோர்ட் வெய்னிலிருந்து ஓர் ஆள். கையில் பேப்பர். 1968 பான்டியாக் ஜி.டி.ஓ., கரும்பச்சை, நாலு கியர், எஞ்சின் பிரித்த நிலையில் விற்பனைக்கு என்று போட்டு, கீழே நம் வீட்டு நம்பர். என் வீட்டு வண்டி விலைக்கு இருப்பதை இந்தியானாக்காரன் ஒருவன் சொல்லித்தான் எனக்குத் தெரிய வேண்டுமா? நன்றாக இருக்கிறது நீ செய்த காரியம். ஆயிரத்து எழுநூறு மைலுக்கு அப்பால் இருந்துகொண்டு விளம்பரம் கொடுக்கத் தெரிகிறது, பெண்டாட்டியிடம் ஒரு வார்த்தை சொல்லத் தெரியவில்லை.

வந்தவனை விரட்டவும் முடியவில்லை. ஷெட்டைத் திறந்து காட்டினேன். அவன் பையிலிருந்து துணி சுற்றிய காந்தத்தை எடுத்து, சக்கரத்துக்கு மேலே, கதவுக்குக் கீழே என்று ஒவ்வோர் இடமாக ஒட்டிப் பார்த்தான். உள்ளே தகடா, பட்டி பூசி மறைத்ததா என்று பார்க்கிறானாம். டெல்மர், எல்லா இடத்திலும் ஒட்டியது. சாலை உப்பு அரித்துத் தின்ற பாகத்தையெல்லாம் வெட்டி எறிந்து, மூன்று குளிர்காலம் நீ புதுத் தகடு வைத்துப் பற்றவைத்தாயே, அங்கெல்லாம் டக் டக்கென்று ஒட்டியது. என் நெஞ்சு நிமிர்ந்ததை நீ பார்த்திருக்க வேண்டும். சோப்புத் தண்ணீரும் உப்புத்தாளுமாக அந்தக் கதவுகளைத் தேய்த்தது நான்தானே.

அப்புறம் அந்த ஆள், உடம்பு மட்டும் போதும், எஞ்சினைத் தூக்கிப் போட்டுவிட்டுப் பெரிதாக வேறொன்றை வைத்துப் பந்தயத்துக்கு விடப்போகிறேன் என்றான். பேப்பரில் தவறாக வந்துவிட்டது, விற்கிற வண்டி இல்லை என்று சொல்லி அனுப்பிவிட்டேன். பொய்தான். ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன்.

போன வாரம் நீ போனில் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. "அந்த வண்டி வீட்டை விட்டுப் போனாத்தான் நான் வீட்டுக்கு வருவேன்"ன்னு சொன்னாய். நீ வர வேண்டும் என்று எனக்கு எவ்வளவு ஆசை என்று உனக்குத் தெரியும். அதனால் இரண்டு நாள் யோசித்துப் பார்த்தேன். எனக்கு மனசு வரவில்லை.

ஊரில் எல்லோரும் வண்டிதான் டெல்மரின் இடது காலைப் பறித்துவிட்டது என்கிறார்கள். நீயும் அப்படித்தான் நினைக்கிறாயோ என்னவோ. எஞ்சினின் ஃப்ளைவீல், அந்தக் கனத்த இரும்புச் சக்கரம், உன் கால்விரலில் விழுந்தது உண்மை. ஆனால் அந்தப் புண்ணை ஐந்து வாரம் காலுறைக்குள் மறைத்து வைத்தது வண்டியா? சர்க்கரையால் வலி தெரியவில்லை என்றால் கண்ணுமா தெரியவில்லை? உன் காலைப் பறித்தது சர்க்கரையும் உன் பிடிவாதமும். பாவம் பழி இரண்டையும் வாயில்லாத வண்டி மேல் போடாதே. இதைச் சொல்லிவிட்டேன், இனி சொல்லமாட்டேன்.

இத்தனை வருஷமாக உன்னோடு வண்டி பிரித்துப் பூட்டுகிற உன் கூட்டாளி ராஸ்கோ வந்திருந்தான். நானும் அவனும் சேர்ந்து எஞ்சினைப் பூட்டப் போகிறோம். சிரிக்காதே. ஒன்பது வருஷம் உனக்கு விளக்குப் பிடித்தவள் நான். "இங்க காட்டு, அங்க காட்டாத, என் கண்ணுல அடிக்காத"ன்னு நீ திட்டத் திட்ட, நீ பார்த்ததையெல்லாம் நானும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். ஜூன் வரை எனக்கு அவகாசம் கொடு. வண்டி ஓடட்டும். அதற்கு அப்புறமும் விற்கத்தான் வேண்டும் என்று நீ சொன்னால், நானே விற்கிறேன். சொன்ன சொல் மாறமாட்டேன்.

ஐலீன் பீச் பழம் வைத்து இனிப்புப் பை சுட்டுக் கொடுத்தால் வேண்டாம் என்று சொல். புதிய செயற்கைக் காலைத் தினமும் போட்டுக்கொள். தேவாலயத்துக்கு மட்டும் போடுகிறாய் என்று கேள்விப்பட்டேன்.

உன்,
வெர்னா

*

மே 13, 1996

அன்புள்ள டெல்மருக்கு,

நேற்று நடந்ததில் பாதி உனக்குத் தெரியும். மீதியைக் கேள்.

எஞ்சினுக்கு நீ வாங்கி வைத்திருந்த அந்த நீலத்தையே அடித்தோம். என் அடுப்படித் திரையிலும் கொஞ்சம் நீலம். எப்படி என்று கேட்காதே. ராஸ்கோவுக்குக் கண் முன்போல இல்லை, கண்ணாடி போட வெட்கம். அளவு பார்க்கிற வேலையெல்லாம் என் தலையில் விழுந்தது. பிஸ்டன் உள்ளே போகும்போது மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். நீ பார்த்திருந்தால் ஆயிரம் குறை சொல்லியிருப்பாய். சொல்ல ஆள் இல்லாததுதான் எனக்குக் குறையாக இருந்தது.

எஞ்சினைத் தூக்கி வண்டியில் இறக்கிய செய்தி எப்படித்தான் பரவியதோ, நேற்று மத்தியானம் தெருவே மடக்கு நாற்காலியோடு நம் வாசலுக்கு வந்துவிட்டது. எதிர்வீட்டு ஷூமேக்கர் தம்பதி ஒரு பெட்டி பீரும், உருளைக்கிழங்கு சாலடும் கொண்டுவந்தார்கள். தீயணைக்கிற உருளையை மடியில் வைத்துக்கொண்டு ஷூமேக்கர் முன்வரிசையில் உட்கார்ந்தார். எண்ணெய், தண்ணீர், பெட்ரோல் எல்லாம் இரண்டு தடவை பார்த்தேன். ராஸ்கோ சாவியைத் திருப்பினான்.

கார்புரேட்டர் வாயிலிருந்து குபீரென்று தீ. அந்தச் சமயம் பார்த்து யாராவது எஞ்சின் மேல் குனிந்திருந்தால் மொட்டை அடித்த மாதிரி ஆகியிருப்பார்கள். ஷூமேக்கர் பாய்ந்து வந்து நுரை அடித்து, என் புது நீலத்தையெல்லாம் வெள்ளையாக்கிவிட்டார். துடைத்துவிட்டு மறுபடி திருப்பினோம். மறுபடி தும்மல், படார் என்று ஒரு வெடி. வந்தவர்கள் நாற்காலியைக் கொஞ்சம் பின்னால் தள்ளிப் போட்டுக்கொண்டார்கள். ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். பெட்ரோல் என்றார் ஒருவர், வால்வு என்றார் இன்னொருவர். ராஸ்கோ தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். என் தவறாகத்தான் இருக்கும் என்று எனக்குப் பட்டது. இவ்வளவு பேர் பார்க்க, நீ ஆசை ஆசையாகச் சேர்த்த எஞ்சினை நாசமாக்கிவிட்டேனே என்று அழுகை முட்டியது.

அப்போதுதான் ஷெட்டில் இருக்கிற போனை எடுத்து டூசானுக்குப் போட்டேன். உன்னைக் கூப்பிடச் சொல்லி ஐலீனிடம் சொன்னேன். நீ வந்து ஹலோ என்றாய். நான் எதுவும் பேசவில்லை. பேசினால் வைத்துவிடுவாய் என்று தெரியும். ரிசீவரை அப்படியே எஞ்சின் பக்கம் நீட்டினேன். ராஸ்கோ சாவியைத் திருப்பினான். அது இருமியது, வெடித்தது, நின்றது. திரும்பக் காதில் வைத்துப் பார்த்தேன். உன் மூச்சு கேட்டது. நீ வைக்கவில்லை.

அப்புறம் நீ சொன்னாய். "டிஸ்ட்ரிபியூட்டர் தலைகீழா உக்காந்துருக்கு. கழட்டி அரைச்சுத்து திருப்பி வையி. நாப்பது வருஷமா இதே தப்பத்தான் பண்றான்னு அந்த மடையன்கிட்ட சொல்லு."

சொல்லிவிட்டு வைத்துவிட்டாய். சொன்னதை அப்படியே ராஸ்கோவிடம் சொன்னேன், மடையன் உட்பட. அவன் முகம் மலர்ந்த அழகைப் பார்க்க வேண்டுமே. திட்டு வாங்கி இவ்வளவு சந்தோஷப்பட்ட மனுஷனை நான் பார்த்ததே இல்லை. "அவன் இன்னும் இருக்கான்டி வெர்னா"ன்னு சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டான். பெட்ரோல் புகை கண்ணில் பட்டதாம்.

தீப்பொறியைப் பங்கிட்டு அனுப்புகிற அந்த டிஸ்ட்ரிபியூட்டரைக் கழற்றி அரைச்சுற்று திருப்பி வைத்தோம். சாவியைத் தொட்டதுதான் தெரியும், டெல்மர். இடி இறங்கின மாதிரி எழுந்தது. புது எஞ்சினை முதல் தடவை முனகவிடக் கூடாது, உறுமவிட வேண்டும் என்று நீ சொல்வாயே, அப்படியே ராஸ்கோ மிதியை அழுத்திப் பிடித்துக்கொண்டான். அடுப்படி ஜன்னல் அதிர்ந்தது. ஷூமேக்கர் மனைவி காதைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். ஒருத்தரும் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. நான் உனக்குத் திரும்பப் போன் போட்டேன். எடுத்தாயோ, ஐலீன் எடுத்தாளோ தெரியாது, யாரோ எடுத்தார்கள். சத்தத்தில் எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. எஞ்சினை நிறுத்துகிற வரை போன் அந்தப் பக்கம் வைக்கப்படவில்லை என்று மட்டும் தெரியும்.

இனி ஒரு கேள்வி. ராஸ்கோ பழைய இரும்புக் கடையிலிருந்து ஓர் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் கொண்டுவந்து ஷெட் மூலையில் தார்ப்பாய் போட்டு மூடி வைத்திருக்கிறான். இதைப் போட்டால் கிளட்ச்சே வேண்டாம், வலது கால் ஒன்றே போதும் என்கிறான். வண்டிக் கண்காட்சியில், நாலு கியரைக் கழற்றிவிட்டு ஆட்டோமேட்டிக் போட்ட ஒருவரோடு நீ அன்று முழுக்கப் பேசாமல் இருந்தது எனக்கு நினைவிருக்கிறது. அதனால் நான் எதையும் தொடமாட்டேன். நீயே சொல். எனக்கு நாலு கியர் பெரிதில்லை. நீ ஓட்டுவதுதான் பெரிது.

உன்,
வெர்னா

*

ஜூன் 17, 1996

அன்புள்ள டெல்மருக்கு,

நீ எழுதமாட்டாய் என்று தெரியும். ஐலீன் போனில் பதில் சொன்னாள். "ஆட்டோமேட்டிக் போட்டா அது ஓடும், ஆனா என் வண்டி இல்ல"ன்னு நீ சொன்னாயாம். சரி. ராஸ்கோ அன்றைக்கே அதை எடுத்துக்கொண்டு போய்விட்டான். அவனுக்கும் உள்ளூர நிம்மதிதான்.

தக்காளி நட்டாயிற்று. பீட்ரூட் ஊறுகாய் பத்து பாட்டில் உனக்காக, சர்க்கரை போடாமல். டாக்டர் அலுவலகத்திலிருந்து கூப்பிட்டார்கள். இங்கே வந்து காலைக் காட்ட வேண்டும், செயற்கைக் காலின் உறை தளர்ந்திருக்கும், மாற்றித் தருகிறோம் என்கிறார்கள்.

உன்னிடம் இதுவரை சொல்லாத ஒன்று. பிப்ரவரியில் நீ கிளம்புவதற்கு முன்னால் ஒரு சாயங்காலம் ஷெட்டுக்குப் போனாய். எஞ்சின் இல்லாத வண்டியில் ஏறி உட்கார்ந்தாய். புதிய காலை இரண்டு கையாலும் தூக்கிக் கிளட்ச் மேல் வைத்தாய். அது வழுக்கியது. மறுபடி வைத்தாய். மிதி எங்கே இருக்கிறது என்று அந்தக் காலுக்குத் தெரியவில்லை. ஸ்டீயரிங்கில் தலையை வைத்துக்கொண்டாய். நான் வாசலில்தான் நின்றேன். உள்ளே வந்து உன் முதுகில் கை வைத்திருக்கலாம். உனக்குப் பிடிக்காது என்று நினைத்துத் திரும்பிவந்து பாத்திரத்தைக் கடகடவென்று உருட்டினேன். அந்த முதுகு இன்னும் என் கண்ணிலேயே இருக்கிறது. வண்டியைப் பார்க்க உனக்கு ஏன் ஆகவில்லை என்று எனக்குத் தெரியாது என்று நினைக்காதே.

இப்போது நடந்ததைச் சொல்கிறேன். வண்டியைச் சும்மா நிறுத்தி வைத்தால் எண்ணெய் கசியாமல் தடுக்கிற ரப்பர் சீல் காய்ந்துவிடும், யாராவது ஓட்டியாக வேண்டும் என்றான் ராஸ்கோ. நீயே ஓட்டு என்றேன். டெல்மர் ஓட்டாத வண்டியை முதலில் நான் ஓட்டமாட்டேன், என்னைக் கொன்றாலும் மாட்டேன், நீ அவன் பெண்டாட்டி, உனக்கு உரிமை இருக்கிறது என்று சொல்லிச் சாவியை என் கையில் திணித்தான். நான் வாழ்நாள் முழுக்க ஆட்டோமேட்டிக் ஓட்டியவள். இந்தக் கிளட்ச்சோ, மாடு மேல் நிற்கிற மாதிரி. காலைக் கவனித்தால் கை மறந்துபோகிறது. கையைக் கவனித்தால் கால் எழுந்துவிடுகிறது. ஷூமேக்கர் சோளவயல் ஓரத்தில் இருபது தடவையாவது குலுங்கி நின்றிருப்பேன். கியர் கதறிய கதறலில் காக்காய் எல்லாம் பறந்தது.

கடைசியில் ராஸ்கோவுக்குப் பொறுமை போய்விட்டது. எனக்குப் பக்கத்தில், வலது சீட்டிலிருந்து எட்டிக் கியர்க் குமிழைப் பிடித்துக்கொண்டான். "கால மட்டும் நீ பாத்துக்க. கைய நான் பாத்துக்கறேன்"ன்னான். நான் கிளட்சை அழுத்தினேன், அவன் இரண்டாவது போட்டான். விட்டேன். வண்டி வழுக்கிக்கொண்டு போனது. அழுத்தினேன், மூன்றாவது. ஒரு சத்தமும் இல்லை. ஆற்றுப் பாலம் தாண்டி நேர்ச்சாலை வந்ததும் நாலாவது. ஜன்னல் வழியே காற்று. இரண்டு பக்கமும் சோளம் முழங்கால் உயரத்தில். எஞ்சின் அடித்தொண்டையில் பாடுகிற மாதிரி இருந்தது. என்ன வேகம் என்று சொல்லமாட்டேன், நீ திட்டுவாய்.

ஒரு மைல் போயிருப்போம். பக்கத்தில் பார்க்கிறேன், குமிழ் மேல் ஒரு கை. அது உன் கை இல்லை. எனக்கு என்னவோ போல ஆகிவிட்டது. ஓரமாக நிறுத்தினேன். கையை எடு ராஸ்கோ என்றேன். ஏன், என்ன ஆச்சு என்று கேட்டான். என் முகத்தைப் பார்த்தான். புரிந்துகொண்டான். இறங்கி, வீடு வரை நடந்தே வந்தான். நான் முதல் கியரிலேயே ஊர்ந்து பின்னால் வந்தேன். எங்களைப் பார்த்தவர்கள் சண்டை என்று நினைத்திருப்பார்கள்.

அன்றிலிருந்து தினமும் சாயங்காலம் வண்டியை எடுக்கிறேன். முதல் கியரில் தெருமுனை தபால்பெட்டி வரை போவேன், திரும்பி வருவேன். ஷூமேக்கர் தன் கோழி இதைவிட வேகமாகப் போகும் என்கிறார். போகட்டும்.

டெல்மர், உனக்கு இடது கால்தான் இல்லை. இடது கை நன்றாகத்தான் இருக்கிறது. வலது சீட்டில் உட்கார்ந்தால் குமிழ் அந்தக் கைக்கு நேராக வருகிறது, நானே உட்கார்ந்து பார்த்துவிட்டேன். முதலில் தடுமாறுவாய். நானும் தடுமாறினேன். ஓட்டுவது யார் என்று ஊர் கேட்டால் இரண்டு பேரும் என்று சொல்லிக்கொள்ளலாம். நான் அவசரப்பட்டால் நீ திட்டு, நீ தாமதித்தால் நான் திட்டுகிறேன். நமக்கு அது புதிதில்லை.

ஜூன் பாதிக்கு மேல் போய்விட்டது. கொடுத்த வாக்கை மறக்கவில்லை. வந்து ஒரே ஒரு தடவை ஆற்றுப் பாலம் வரை என்னோடு வா. அதற்கு அப்புறமும் விற்கச் சொன்னால், அந்த ஃபோர்ட் வெய்ன் ஆளை நானே கூப்பிடுகிறேன், ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசமாட்டேன். விமானம் என்றைக்கு என்று மட்டும் சொல். டொலீடோ விமான நிலையத்துக்கு நம் சின்ன லாரியை எடுத்துக்கொண்டு வருகிறேன். பச்சை வண்டியில் முதல் கியரில் வந்தால் நீ கிறிஸ்துமஸ் வரை காத்திருக்க வேண்டும்.

ஐலீனுக்கு என் அன்பு. இத்தனை மாதம் உன்னைப் பொறுத்துக்கொண்டதற்குக் கடவுள் அவளை ஆசீர்வதிக்கட்டும். வழியில் உனக்கு ஒரு கஷ்டமும் வராமல் அவரே கொண்டுவந்து சேர்க்கட்டும்.

கிளட்ச், பிரேக் எல்லாம் நான் பார்த்துக்கொள்கிறேன். கியர் மாற்ற மட்டும் நான் கற்றுக்கொள்ளவில்லை, டெல்மர். கற்றுக்கொள்ளப் போவதும் இல்லை.

உன்,
வெர்னா